ரவுண்ட்ஸ்ல கீறாரு

விஜயகுமாரி வேலைக்குச் சேரப் போன அன்று அவளைச் சேர்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

சிறுசேரியில், முழுக்கக் கண்ணாடியாலேயே எழுப்பின மாதிரி இருந்த அந்த ஆபீஸ் கட்டடத்தின் பின்வாசலில், குப்பை லாரி வந்து திரும்புகிற இடத்தில், துணிப்பையை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தையூரிலிருந்து கேளம்பாக்கம் வரை நடை. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கல். புடவையின் கீழ்ப்பாதி முழுக்கச் சேறு. சுத்தம் பண்ணுகிற வேலைக்கு இந்தக் கோலத்திலா வந்து நிற்பது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

செக்யூரிட்டி மோசஸ் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“இன்னாம்மா, யாரு வோணும்?”

“அவுஸ் கீப்பிங்குக்கு வந்துகீறேன்பா. புதுசு. சூப்பர்வைசர் ஷஃபியுல்லா பாயப் பாக்கச் சொன்னாங்க.”

“பாயவா? நானே அவரப் பாத்து நாளாவுது,” என்று சிரித்தான் மோசஸ். உள்பக்கம் திரும்பி, “செங்கம்மாக்கா! உன் ஜோடி வந்துகீது பாரு!” என்று குரல் கொடுத்தான்.

செங்கம்மாள் வந்தாள். ஐம்பதைத் தாண்டினவள், நல்ல உயரம். நீல யூனிஃபார்ம் கோட்டைப் புடவைக்கு மேலே மாட்டியிருந்தாள். பித்தான் ஒன்றும் மிச்சமில்லை.

“பேரு இன்னாமே?”

“விஜயகுமாரி.”

“யம்மாடி, ராணி பேரு. கக்கூசு கய்வறதுக்கு எதுக்கு இம்மாம் நீளம்? குமாரி போதும். வா, வெரலு வையி.”

வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு விரல். மறுபடியும் சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேளம்பாக்கம் உப்பளத்தில் உப்பு வாரின கை அது. ரேகை என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

“மிசினு ஒன்ன ஆளாவே ஒத்துக்க மாட்டேங்குது,” என்ற செங்கம்மாள், தன் போனை எடுத்து எண்ணைத் தட்டி அவள் காதில் வைத்தாள். “நீயே பேசு. பாயி.”

போனுக்குள் ஒரே காற்றாக இருந்தது. காற்றுக்குப் பின்னால், கொஞ்சம் அடைத்த மாதிரி, வயசான குரல்.

“குமாரியா? வந்துட்டியாம்மா? நல்லது. வெரலு பதியலியா? உப்பளத்துக் கையா? எங்க கோவளத்துலயும் வல இய்க்கறவனுக்கெல்லாம் இதே பேஜாருதான். மோசஸ்கிட்ட சொல்றேன், பேரு எய்திக்குவான். நீ செங்கம்மா கூடவே சுத்து. நான் அப்பால வரேன்.”

“பாய், ஒரே ஒரு விசயம்.”

“சொல்லும்மா.”

“எனக்கு டே ஷிஃப்டே போட்டுக் குடுங்க பாய். எங்கூட்டுக்காருக்கு வலிப்பு. பகல்ல வராது. ராவுலதான், தூங்கறப்பதான் வருது. பக்கத்துல ஆளு இல்லன்னா நாக்க கடிச்சிக்கினு...”

காற்றுச் சத்தத்தை மீறிக் குரல் வந்தது.

“டேவே போடறேம்மா. நான் கீற வரைக்கும் ஒன்ன ஒருத்தனும் நைட்டுக்கு மாத்த மாட்டான். போ, வேலயப் பாரு.”

‘நான் கீற வரைக்கும்.’ அந்த வார்த்தையை அவள் முந்தானையில் முடிந்துகொண்ட மாதிரிதான் வைத்துக்கொண்டாள். அவள் புருஷன் சரவணகுமார் டிப்பர் லாரி ஓட்டினவன். லோடுக்கு மேலே தார்ப்பாய் கட்டும்போது வழுக்கிக் கீழே விழுந்தான். மண்டையில் அடி. உயிர் தப்பியது, ஆனால் வலிப்பு ஒட்டிக்கொண்டது. மகளின் பிரசவத்துக்குக் கூடுவாஞ்சேரி போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு விடிந்து வந்து கதவைத் திறந்தவள், அவன் சுவரோரம் முகம் குப்புற, வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்ததைப் பார்த்தாள். அன்றைக்கு முடிவெடுத்தது: ராத்திரி எங்கேயும் போவதில்லை. கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுத்தவன், “நைட்டுதாம்மா காலி. டே வோணும்னா சூப்பர்வைசரக் கேட்டுக்க,” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான். அந்த சூப்பர்வைசரும் முகமே காட்டாமல் சரி என்றுவிட்டார்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. சிவப்புத் தண்ணி கக்கூசுக்கு, பச்சைத் தண்ணி தரைக்கு, நீலத் தண்ணி கண்ணாடிக்கு. மாற்றி ஊற்றினால்தான் வம்பு. மழைநாள் என்பதால் தரைதான் உயிரை வாங்கியது. ஒரு பஸ் வந்து நின்றால் நூறு ஜோடி ஷூ உள்ளே வரும். துடைத்து நிமிர்வதற்குள் அடுத்த பஸ். மஞ்சள் போர்டை வைத்தால் அதைத் தாண்டிக்கொண்டு நடப்பார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. உப்பளத்து மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுவான், ஆனால் பெயர் சொல்லி ஏசுவான். இங்கே அதுவும் இல்லை.

மத்தியானம் சோறு மோட்டார் ரூமில். செங்கம்மாள் டப்பாவைத் திறந்ததும் கருவாட்டுக் குழம்பு வாசனை மோட்டார் சத்தத்தையும் மீறி எழுந்தது.

“மேல கேன்டீன்ல இத்தத் தொறந்தா போலீசக் கூப்புடுவானுங்க,” என்றாள். “துன்னு. கீரய மட்டும் கட்டிக்கினு வந்தா மாப்பு எப்டி தள்ளுவ?”

“பாய் எப்பக்கா வருவாரு?”

“வருவாரு.”

“எங்கதான் கீறாரு?”

“ஆருக்குத் தெரியும்? கோவளத்துல மீனு ஏலம் எடுக்கறாரோ, முட்டுக்காட்டுல போட்டு வுடறாரோ! போன்ல கேட்டியா, காத்து எப்டி அடிக்குது? சூப்பர்வைசருன்னா அவருதாமே சூப்பர்வைசரு. நாம இங்க வேர்வையில வெந்துகினு கீறோம், அவரு அங்க பீச்சுல குந்திகினு கீறாரு.”

விஜயகுமாரியும் சிரித்தாள். போனில் கேட்டது கடல்காற்றுதான் என்று அவளுக்கும் தோன்றியிருந்தது.

அன்று சாயங்காலமே அந்த வார்த்தையை அவள் முதல்முறை கேட்டாள். கட்டட மேனேஜர் உலகநாதன் லிஃப்ட் பக்கம் வந்து நின்றார். சட்டை கசங்காத ஆள். அவர் சம்பளம் வேறு கம்பெனி, இவர்கள் சம்பளம் கான்ட்ராக்ட் கம்பெனி. ஆனால் அதட்டுவதற்குக் கம்பெனி வித்தியாசம் கிடையாது.

“சூப்பர்வைசர் எங்க?”

“ரவுண்ட்ஸ்ல கீறாரு சார்,” என்றாள் செங்கம்மாள், மாப்பை நிறுத்தாமலே.

உலகநாதன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்று டவர், எத்தனையோ மாடி. ரவுண்ட்ஸில் இருக்கிற மனுஷனை யார் போய்ப் பிடிப்பது?

“அவ்ளோதாமே,” என்றாள் செங்கம்மாள். “இங்க பொயக்கறதுக்கு இந்த ஒரு வார்த்த தெரிஞ்சா போதும். ஆரு கேட்டாலும் ரவுண்ட்ஸ்ல கீறாரு. நீ பாட்டுக்கு வரலன்னு சொல்லிடாத. அவர வெளிய அனுப்பிட்டான்னா அடுத்தது எவன் வருவானோ. இவராவது நல்ல மனுசன்.”

நல்ல மனுஷன்தான். தினமும் காலையில் போன் வரும். “நாஸ்தா துன்னியாம்மா? ரெண்டாவது மாடி லேடீஸ்ல தண்ணி ஒய்வுதாம், ப்ளம்பருக்குச் சொல்லிட்டேன். ஒங்கூட்டுக்காரு ராத்திரி தூங்கனாரா?” பார்க்காத ஒருவர் பார்க்காத ஒருவரை விசாரிக்கிற அந்தக் கேள்விக்காக அவள் காலையில் போன் பக்கத்திலேயே இருக்கப் பழகிவிட்டாள்.

அந்த வார்த்தையும் அவள் வாயில் பழகிவிட்டது. செங்கம்மாளை விடவும் நன்றாகவே பழகிவிட்டது. ஒருநாள் உலகநாதனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “தினம் ரவுண்ட்ஸ், ரவுண்ட்ஸ்ங்கறீங்க. நான் ஒரு நாளாவது அந்த ஆளப் பாக்கணுமே?” என்று இடுப்பில் கை வைத்து நின்றார். செங்கம்மாள் விழித்தாள். விஜயகுமாரி முன்னால் வந்தாள்.

“இப்பத்தான் சார் கண்ணால பாத்தேன். பி டவரு லிஃப்டாண்ட போனாரு. கைல டார்ச் லைட்டு வச்சிகினு இருந்தாரு. ஃபால்ஸ் சீலிங்ல தண்ணி ஒய்வுதுன்னு பாக்கப் போனாரு.”

உலகநாதன் போய்விட்டார். செங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அடிப்பாவி. டார்ச் லைட்டெல்லாம் குடுத்து அனுப்பிட்டியேமே! பாக்காத ஆளுக்கு!”

அன்று முழுக்க விஜயகுமாரிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. தன் பங்குக்குப் பாயைக் காப்பாற்றிவிட்ட மாதிரி. அவர் இருக்கிற வரைக்கும் அவளுக்குப் பகல் வேலை. அவர் இருக்கிறார் என்பதற்கு அவள் வாய்தான் சாட்சி.

பிறகு அந்த மழை நாள் வந்தது. விடிந்ததிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது. பழைய மகாபலிபுரம் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ்கள் தாமதமாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களைக் கொட்டின. பாயிடமிருந்து போன் வரவில்லை. மழையில் டவர் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டாள். முதல் நாள்தான் உலகநாதன் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “உங்க ஹெட் ஆபீஸுக்குக் கம்ப்ளெய்ன்ட் போட்டிருக்கேன். ஒரு மேடம் போன் பண்ணி செக் பண்ணுவாங்க.” அதனால் போன் மணி அடித்தாலே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காலைப் பரபரப்பு ஓய்ந்த நேரம். மோசஸ் தன் மேஜையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டான். ரிசீவரை உள்ளங்கையால் மூடியிருந்தான்.

“ஒரு லேடி. பாய் கீறாரான்னு கேக்குது. ஆபீஸ் மேடமா இருக்கும். நீயே பேசு, எனக்கு வாய் குளறும்.”

விஜயகுமாரி கையுறையைக் கழற்றாமலே வாங்கினாள்.

“அலோ.”

“யாரும்மா? ஷஃபியுல்லா கீறாரா அங்க?”

“கீறாரு மேடம். ரவுண்ட்ஸ்ல கீறாரு.”

“வந்துட்டாரா?” குரல் மேலே போயிற்று. “போன் சுச்சாஃப்னே வருது. நெசமா வந்துட்டாரா? நீ பாத்தியா?”

“இப்பத்தான் கண்ணால பாத்தேன். பி டவரு பக்கம் போனாரு.”

“நல்லா கீறாரா?”

மேடம் எதற்கு இதைக் கேட்கிறாள் என்று ஒரு கணம் உறுத்தியது. இருந்தாலும் வாய் ஓடிவிட்டது.

“நல்லா கீறாரு. சிரிச்சிகினே போனாரு.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றது அந்தக் குரல். போன் வைக்கப்பட்டுவிட்டது.

ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றாள். ஹெட் ஆபீஸ் மேடம் அப்படியெல்லாம் சொல்லுவாளா? மோசஸிடம் கேட்கத் திரும்பினாள். அதற்குள், “மூணாவது மாடில காபி மிசின் ஒடஞ்சி கொட்டிகீது, வா வா!” என்று செங்கம்மாள் இழுத்துக்கொண்டு போனாள். காபியைத் துடைத்தாள். சர்க்கரை கலந்த காபி, ஒரு முறை துடைத்தால் போகாது. துடைத்து முடித்தபோது அந்தக் குரலை மறந்திருந்தாள்.

மறுநாள் காலை கேட்டிலேயே மோசஸ் சொன்னான்.

“பாய் பூட்டாருக்கா.”

“எங்க?”

“இன்னா எங்க? செத்துப் பூட்டாரு.”

ஒவ்வொன்றாகச் சொன்னான். பாய்க்கு ஒரு இடம் இல்லை, இரண்டு இடம். மாமல்லபுரத்தில் கடலை ஒட்டின ஒரு ரிசார்ட், அப்புறம் இந்தக் கட்டடம். இரண்டு பக்கமும் முழுநேர சூப்பர்வைசர் என்று கான்ட்ராக்ட் கம்பெனி கணக்குக் காட்டிவிட்டு, ஒரே மனுஷனை வண்டியில் விரட்டிக்கொண்டிருந்தது. விடியும் முன் கோவளத்திலிருந்து மாமல்லபுரம், அங்கே ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு திருப்போரூர் வழியாக இந்தப் பக்கம். பாதி நாள் இந்தக் கட்டடத்துக்குள் வந்து சேருவதற்குள்ளேயே அந்தப் பக்கம் ஏதாவது ஒன்று உடைந்து மறுபடி திரும்பிப் போவார். அங்கேயும் கேட்டால் ரவுண்ட்ஸ்ல கீறாரு என்றுதான் சொல்வார்களாம். நேற்று காலை பையனூர் தாண்டி வரும்போது தண்ணி லாரி தட்டிவிட்டது. ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். போன் நொறுங்கிவிட்டது. ஐடி கார்டு வண்டிப் பெட்டிக்குள், வண்டி போலீஸ் ஸ்டேஷனில், ஆள் ஆஸ்பத்திரியில்.

“பொயுது சாயற வரைக்கும் நெனவு இருந்ததாம்கா. கோவளம், கோவளம்னு சொல்லிகினே இருந்தாராம். ஆருக்கு இப்பல்லாம் நம்பரு ஞாபகம் இருக்குது? எல்லாம் போன்லதான கீது. வண்டிப் பெட்டியத் தொறந்து பேரு கண்டுபிடிச்சி, வூட்டுக்கு ஆளு போய்ச் சொல்லி, அவங்க காரு வச்சிகினு போறதுக்குள்ள பேச்சு நின்னு போச்சு.”

“எத்தினி மணிக்கு அடிபட்டாரு?”

“நாஸ்தா நேரம்.”

விஜயகுமாரி குப்பை லாரி நிற்கிற அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செங்கம்மாள் அவளை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

“இதுல ஒந்தப்பு இன்னாமே? நானுந்தான் தெனம் சொன்னேன். மோசஸும்தான் சொன்னான்.”

“நீ மேனேஜருக்குச் சொன்னக்கா. நான் அவரு பொஞ்சாதிக்குச் சொல்லிட்டேன்.”

செங்கம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. “பீச்சுல குந்திகினு கீறாருன்னு சொன்னேனே, இந்த வாயி,” என்று தன் வாயிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டாள்.

அடுத்த சூப்பர்வைசர் சீனு. இளவட்டம், காதில் எப்போதும் ஒரு வெள்ளைக் குமிழ். முதல் நாள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேசினான். “எனக்கு நாவலூர்லயும் ஒரு சைட்டு கீது. ஆருனா கேட்டா இன்னா சொல்லணும்னு ஒங்களுக்கே தெரியும்,” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, மத்தியானத்துக்குள் மறைந்துவிட்டான். சாயங்காலம் உலகநாதன் வந்து கேட்டபோது செங்கம்மாள் லிஃப்ட் பக்கம் இல்லை. விஜயகுமாரிதான் இருந்தாள்.

“புது சூப்பர்வைசர் எங்கம்மா?”

வாயைத் திறந்தாள். மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“இல்ல சார். பூட்டாரு.”

மறுநாளே சீனு அவள் பெயரை நைட் ஷிஃப்டுக்கு மாற்றினான். “பாய் டே போட்டாராமே? இப்ப பாய் இல்லியே,” என்றான். அதில் கோபம் கூட இல்லை, சும்மா சொன்ன மாதிரிதான் சொன்னான்.

வீட்டில் சொன்னபோது சரவணகுமார் பீடியை அணைத்தான்.

“போ. நான் பாத்துக்கறேன்.”

“இன்னாய்யா பாத்துக்குவ? தூங்கறப்ப வர்றத நீ எப்டி பாத்துக்குவ?”

“தூங்காம குந்திகினு இருக்கறேன்.”

“தெனமுமா?”

“பகல்ல தூங்கறேன்மே. நீயும் பகல்ல வூட்லதான இருப்ப.” பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “கோவளம் போய்ட்டு வந்தியா?”

“இல்ல.”

“போய்ட்டு வா. ராவுல ஒனக்கும் தூக்கம் இல்ல, புரண்டு புரண்டு படுத்து எனக்கும் இல்ல.”

முதல் நைட் ஷிஃப்ட் அன்று மத்தியானமே கிளம்பினாள். நேராக அங்கிருந்து வேலைக்குப் போய்விடலாம் என்று சோற்று டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் பஸ். கழிமுகத்தின் இரண்டு பக்கமும் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடந்த உப்புப் பாத்திகளை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போனாள். உண்மையைச் சொல்லிவிட்டுக் காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தாள். எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

தர்காவுக்குப் போகிற தெருவிலிருந்து பிரிகிற சந்து. பாய் வீடு என்று கேட்டதும் ஒரு மீன்காரி காட்டிவிட்டாள். வாசலில் ஆண்களின் செருப்பு. உள்ளறையில்தான் பாயின் மனைவி பதருன்னிசா, புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற இத்தா இருந்தாள். வெள்ளைத் துணி, சின்ன உருவம். சுற்றிலும் நாலைந்து பெண்கள்.

“சிறுசேரிலர்ந்து வரேன் பாயம்மா. பாய்கிட்ட வேல செஞ்சவ...”

பதருன்னிசா சட்டென்று நிமிர்ந்தாள்.

“இந்தக் கொரலு,” என்றாள். “போன எடுத்தது நீதானே?”

விஜயகுமாரி தலையை மட்டும் அசைத்தாள்.

பதருன்னிசா அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். சுற்றி இருந்தவர்களிடம் திரும்பினாள். “நான் சொன்னேனில்ல? இவதான். கடேசியா அவரக் கண்ணால பாத்தவ இவதான். போலீசு காலைலயே அடிபட்டாருன்னு எய்திகீறான். அவனுக்கு இன்னா தெரியும்? அவரு சிறுசேரி போய்ட்டு, ஏதோ வேலையா திரும்பி மாமல்லபுரத்துக்கே போய்கீறாரு. அப்பத்தான் அடிபட்டாரு. இவ பாத்திருக்கா. நீ சொல்லும்மா, சிரிச்சிகினு இருந்தாருன்னு சொன்னியே?”

“பாயம்மா...”

“காலைல எங்கூட சண்ட போட்டுக்கினு போனாரும்மா. மாத்தர போடாம போனாரு. நான் கத்துனேன். அவரும் கத்திட்டுப் போனாரு. போனு வரலன்னதும் எனக்குக் குலையே நடுங்கிச்சி. நீ சிரிச்சிகினே போனாருன்ன பாரு, அப்பாலதான் நாலு இட்லி வாயில வெச்சேன். கோவத்தோட போவலன்னு அந்த ஒண்ணுதாம்மா எனக்கு. சொல்லு. எப்டி இருந்தாரு?”

கையை விடவில்லை. விரல் நுனிகள் சில்லென்று இருந்தன. வாசல் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் செருமிக்கொண்டான். விஜயகுமாரி பஸ்ஸில் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த பேச்சு முழுக்க அந்தச் சில்லிட்ட விரல்களில் கரைந்து போயிற்று.

“நல்லா இருந்தாரு பாயம்மா,” என்றாள். “ஆரோடயும் கோவமா இருந்த மாரி தெரில. செங்கம்மாவ ஏதோ கிண்டல் பண்ணிட்டு, சிரிச்சிகினே போனாரு.”

பதருன்னிசா அழுதாள். சத்தமாக, நிம்மதியாக அழுதாள். ஒரு பெண் விஜயகுமாரிக்குத் தட்டில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடாமல் எழுந்தால் தப்பாகிவிடும். சாப்பிட்டாள். இறங்க மறுத்ததை எல்லாம் தண்ணீர் குடித்து இறக்கினாள்.

வெளியே வந்தபோது மகன் ஜைத் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஏசி மெக்கானிக். கையில் இன்னும் கிரீஸ் கறை. “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரேன்கா,” என்று கூட நடந்தான். மெயின் ரோடு வந்ததும் நின்றான்.

“நீங்க எத்தினி மணிக்குக்கா பாத்தீங்க?”

தூறல் போட்டது. அவன் குடை விரிக்கவில்லை.

“அம்மா நம்புது. நான் ஆம்புலன்ஸ்காரனக் கேட்டுட்டேன். அவன் அத்தாவத் தூக்கனப்ப மணி எட்டேகால். நீங்க போன்ல பேசறப்ப ஒம்பதற.”

விஜயகுமாரி ரோட்டையே பார்த்தாள்.

“பாக்கலப்பா,” என்றாள். “அன்னிக்குன்னு இல்ல. நான் அவர எப்பவுமே பாத்ததில்ல. அவரு மொகம் எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது.”

“அப்பறம் எதுக்குக்கா அப்டி சொன்னீங்க?”

எதுவெதுவோ சொல்லலாம். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், மேடம் என்று நினைத்தேன், உன் அத்தா வேலை போய்விடக் கூடாது என்றுதான். எல்லாமே நிஜம்தான். ஆனாலும் அவன் கேட்டதற்குப் பதில் அதுவல்ல.

“டே ஷிஃப்டுக்காகப்பா,” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான், அது போதுமான காரணம்தான் என்பது போல.

“நான் அத்தாவத் தேடிகினு கெளம்பி, திருப்போரூர் வரைக்கும் போய்ட்டேன்கா. கொளத்தாண்ட நிக்கறப்ப அம்மா போன் பண்ணிச்சி. ஆபீசுலதான் கீறாராம், பாத்தாங்களாம், வாடான்னுச்சி. சரின்னு டீக்கடைல வண்டிய ஓரங்கட்டி ஒரு டீ குடிச்சேன். வட கூட துன்னேன். மழ வுடட்டும்னு ரொம்ப நேரம் குந்திகினு இருந்தேன்.” மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். “அங்கர்ந்து பையனூரு இன்னா தூரம்? போயிருந்தா ரோட்டுல வண்டியப் பாத்திருப்பேன். ஆளுங்க சொல்லியிருப்பாங்க. மத்தியானமே ஆஸ்பத்திரில இருந்திருப்பேன்.”

அவள் கையெடுத்துக் கும்பிடப் போனாள். அவன், “வாணாம்கா,” என்று அவள் கையைக் கீழே இறக்கிவிட்டான்.

கேளம்பாக்கம் பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. ஜைத் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினான்.

“அம்மா ஒங்க நம்பர வாங்கிகினு வரச் சொல்லிச்சி. திரும்பத் திரும்பக் கூப்புடும். எனக்குத் தெரியும். எப்டி நடந்தாரு, இன்னா பேசனாரு, இன்னா சட்ட போட்டிருந்தாருன்னு கேக்கும்.”

பஸ் வந்து நின்றது. அவள் படியில் கால் வைத்தாள்.

“நீலச் சட்டக்கா,” என்றான் அவன். “கட்டம் போட்டது. கைய மடிச்சி வுட்டிருந்தாரு. ஞாபகம் வச்சிக்குங்க.”